நாலாவது குறிக்கண்ணாடி

சிவப்புப் புள்ளி பாஸ்டியானின் நெஞ்சுக்கு நட்டநடுவில்தான் இருந்தது. அதில் லீவனுக்குத் துளியும் சந்தேகமில்லை. எட்டு மீட்டர் தூரம், போதுமான வெளிச்சம், நடுவில் தூணோ பெட்டியோ இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு விசையை அழுத்தினார். துப்பாக்கி 'டர்ர்ர்' என்றது. பாஸ்டியான் நின்றார், திரும்பினார், முகமூடிக்குள்ளிருந்து பரிதாபமாகத் தலையை ஆட்டினார்.

"படலைண்ணே!"

சொல்லி முடித்த கையோடு லீவனைச் சுட்டார். அது பட்டது. நன்றாகவே பட்டது.

"பட்டுடுச்சு," என்று கையைத் தூக்கியபடி லீவன் வெளியே நடந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையில் அது ஆறாவது தடவை.

கெண்ட் நகரத்தின் வடக்கு ஓரத்தில், கால்வாய்க் கரையில் மூடிக் கிடக்கும் பழைய நூற்பாலைக்குள்தான் இந்தச் சண்டை. சண்டை என்றால் ஏர்சாஃப்ட் விளையாட்டு. நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும் பேட்டரித் துப்பாக்கி, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் குண்டு, முகம் முழுக்க முகமூடி. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். குண்டில் சாயம் கிடையாது, பட்ட இடத்தில் அடையாளமும் இருக்காது. பட்டதா இல்லையா என்பதைப் பட்டவர்தான் சொல்ல வேண்டும். கையைத் தூக்கி, சத்தமாகச் சொல்லிவிட்டு, காப்பி மேசைக்குப் போய்விட வேண்டும்.

வாசலில் விதிமுறைப் பலகை ஒன்று தொங்கியது. ஆட்டத்தின் நடுவில் முகமூடியைக் கழற்றினால் ஒரு வாரம் தடை. அடுத்தவரைப் பார்த்து 'உன் மேல் பட்டதே' என்று சொன்னால் ஒரு மாதம் தடை. கண் போனாலும் போகட்டும், மானம் போகக்கூடாது என்று நினைக்கிற சங்கம் அது.

ஆகவே படவில்லை என்று பாஸ்டியான் சொன்னால் படவில்லை. அதற்கு மேல் பேச்சு கிடையாது. அதிலும் பாஸ்டியான் யார்? போன மாதம் லீவனின் அணித் தலைவி அனலீஸ் சுட்ட குண்டு ஒன்று பின்பக்கமாக வந்து அவருடைய பூட்ஸ் குதிகாலில் பட்டது. யாரும் பார்க்கவில்லை, சுட்ட அனலீஸே பார்க்கவில்லை. இருந்தும் மனுஷன் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அந்தக் குதிகாலைப் பற்றிச் சங்கத்தில் இரண்டு வாரம் பேசினார்கள்.

குற்றம் குறிக்கண்ணாடியில்தான் இருக்க வேண்டும் என்று லீவன் முடிவு செய்தார். துப்பாக்கியின் முதுகில் தீப்பெட்டி அளவில் உட்கார்ந்திருக்கும் சின்னக் கண்ணாடி அது. அதன் வழியாகப் பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளி எங்கேயோ, குண்டும் அங்கே போக வேண்டும். அந்த ஒரே வேலையை அது ஏப்ரல் மாதத்திலிருந்து செய்யவில்லை.

இதில் லீவனுக்கு இருந்த அவமானம் தனி. மனுஷன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். முப்பது வருஷமாக ஊர் ஜனங்களின் கண்ணைப் பரிசோதித்து, அளந்து, கண்ணாடி போட்டு அனுப்புகிறவர். ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்தவருக்கு எட்டு மீட்டரில் நிற்கிற ஆறடி ஆளைச் சுடத் தெரியவில்லை என்றால், கடைக்கு யார் வருவார்கள்?

காப்பி மேசையில் பாஸ்டியான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆலை வாசலிலேயே விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர் அவர். வாரத்தில் ஆறு நாள் வியாபாரம், ஞாயிற்றுக்கிழமை எதிரணி.

"மயிரிழைண்ணே! என் காதோரமா காத்து வந்துச்சு. பயந்தே போயிட்டேன்."

"நெஞ்சுக்கு வச்சேன்பா. காதுக்கு எப்படிப் போகும்?"

பாஸ்டியான் யோசித்தார். லீவனின் துப்பாக்கியை வாங்கி, தோளில் வைத்து, முகமூடியோடு ஒரு தடவை குனிந்து பார்த்தார்.

"இதோ பாருங்க. முழு முகமூடி போட்டுக்கிட்டா கன்னம் துப்பாக்கில உக்கார மாட்டேங்குது. நீங்க கழுத்தை ஒடிச்சிக்கிட்டுப் பாக்கறீங்க. புள்ளி நேரா இருக்கு, நீங்கதான் கோணலா இருக்கீங்க."

"அப்ப வேற கண்ணாடி வாங்கணுமா?"

"சேச்சே! எதுக்குண்ணே வீண் செலவு? கீழ ஒரு பீடம் வச்சு இதையே கொஞ்சம் தூக்கிட்டாப் போதும்."

எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று லீவன் நெகிழ்ந்துபோனார். அவரே தன் கடைக்கு வருகிறவர்களிடம் இப்படிச் சொன்னதில்லை.

பீடம் வந்தது. கண்ணாடி இரண்டு விரற்கடை உயர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொதிகலன் அறைத் தாழ்வாரத்தில் ஒரு மரப்பெட்டிக்குப் பின்னால் லீவன் மண்டியிட்டார். அது அவருக்கென்றே ஒதுக்கப்பட்ட இடம். முழங்கால் தகராறு செய்யும், ஓட முடியாது என்பதால் தலைவி அனலீஸ் அவரை அங்கே காவலுக்கு வைத்திருந்தாள். எதிரணியிலிருந்து அந்த வழியாக வருகிறவர் எப்போதும் பாஸ்டியான் ஒருவர்தான்.

பாஸ்டியான் வந்தார். லீவன் பெட்டிக்கு மேலாகப் பார்த்தார். புள்ளி பளிச்சென்று அவர் நெஞ்சில் நின்றது. அழுத்தினார். பீடத்தின் மேலிருந்த கண்ணாடி பெட்டியைத் தாண்டிப் பார்த்தது. கீழே இருந்த குழலோ பெட்டியைத்தான் பார்த்தது. பத்துப் பன்னிரண்டு குண்டுகள் பலகையில் மோதி, திரும்பி வந்து, லீவனின் முகமூடியிலேயே படபடவென்று விழுந்தன.

தன் குண்டு தன் மேலேயே பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று வாசல் விதிமுறைப் பலகையில் எழுதியிருக்கவில்லை. லீவன் ஒரு கணம் யோசித்தார். பட்டது பட்டதுதானே? கையைத் தூக்கினார்.

"அண்ணே, யார் சுட்டா உங்களை?" என்றாள் அனலீஸ் காப்பி மேசையில். நகரில் டிராம் ஓட்டுகிறவள், முப்பத்து மூன்று வயது. குரல் எப்போதும் அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கிற மாதிரியே இருக்கும்.

"நான்தான்."

"யாரை?"

"என்னைத்தான்."

அவள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

லீவனுக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், முகமூடிக்குள் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு கண்ணாடி கேட்டு அவர் கடைக்கு வந்தவள் அவள். வாங்களேன், ஒரு நாள் விளையாடிப் பாருங்கள் என்று அவள் கூப்பிட்டதுதான் ஆரம்பம். அதற்கு முன் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் எப்படிப் போயின என்று கேட்டால் அவருக்கே ஞாபகம் இல்லை. ஐம்பத்து நான்கு வயதில் நாலு பேர் 'அண்ணே, வாங்க!' என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள் என்றால் அது லேசான விஷயமா? அந்த நாற்காலி போய்விடக்கூடாது என்பதுதான் அவருடைய கவலை. வேறு எதுவுமில்லை.

மறுநாள் காலை, கடை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே லீவன் துப்பாக்கியோடு போய்விட்டார். அவரிடம் சரியாக அளந்த ஐந்து மீட்டர் அறை ஒன்று இருக்கிறது. எதிர்ச் சுவரில், கண் பரிசோதனைக்கான எழுத்துப் பலகை. பீடத்தைக் கழற்றிவிட்டுப் பழையபடி கண்ணாடியைப் பொருத்தி, மேல்வரிசையில் இருந்த பெரிய எழுத்துக்குக் குறி வைத்தார். நடுவில் துளை. இரண்டாவது வரி, துளை. ஐந்தாவது வரியில் இருந்த பொடி எழுத்தையும் விடவில்லை. வைத்த குறி ஒன்றுகூடத் தப்பவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் லீவன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, துளைகளை மறுபடியும் எண்ணினார். குண்டு சரியாகத்தான் போகிறது என்றால் பாஸ்டியான் மேல் மட்டும் ஏன் படமாட்டேன் என்கிறது?

பத்து மணிக்கு டெப்ரூக் அம்மாள் கண் பரிசோதனைக்கு வந்தார்.

"ஐந்தாவது வரி படிங்கம்மா."

"டி, ஓ, அப்புறம் ஒரு முற்றுப்புள்ளி."

"முற்றுப்புள்ளியா?"

"ஆமா. மேல் வரியிலகூட ஒண்ணு இருக்கு. எனக்குப் பார்வை இவ்வளவு மோசமா போயிடுச்சா, லீவன்?"

"இல்லம்மா, உங்களுக்குப் பார்வை பிரமாதம்," என்று லீவன் அசடு வழிந்தார். பக்கத்தில் இருந்த மார்லீன் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எந்தப் பலகையும் தேவையில்லை.

சாயந்திரம் லீவன் பாஸ்டியானின் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்.

"காகிதம் நகருமாண்ணே?" என்றார் பாஸ்டியான் அமைதியாக.

"நகராது."

"பதுங்குமா? பாயுமா? திருப்பிச் சுடுமா?"

"இல்லை."

"அதான். கிட்டத்துல நின்னு ஆடற ஆட்டத்துல ஒரு நொடிதான் கிடைக்கும். அந்த நொடியில உங்க கண்ணு அங்க இங்க அலைபாயுது. குழாய் மாதிரி ஒரு கண்ணாடி இருக்கு. அதுல பாத்தா எதிராளியைத் தவிர வேற எதுவும் கண்ல படாது. ஆனா கட்டாயம் இல்லை, பழசே ஓடும்."

"வேண்டாம்பா. அதையே குடு."

"பழசை என்கிட்டயே விட்டுடுங்க. வேற யாருக்காவது ஆகும்."

குழாய்க் கண்ணாடி பாஸ்டியான் சொன்ன மாதிரியே இருந்தது. குறி வைத்ததைத் தவிர வேறு எதுவுமே தெரியவில்லை. தூண் தெரியவில்லை, லீவன் மோதிக்கொண்டார். படி தெரியவில்லை, தடுக்கி விழுந்தார். குழாய்க்குள் ஒரு கறுப்புச் சட்டை தெரிந்தது. நாலு மீட்டர். மளமளவென்று சுட்டார். சட்டைக்காரர் அந்த நொடியே கையைத் தூக்கினார்.

"பட்டுடுச்சு!"

லீவன் துள்ளிக் குதித்தார். ஆறு மாதத்தில் முதல் வேட்டை! குழாயிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தால், எதிரே அனலீஸ். அவருடைய சொந்த அணித் தலைவி, முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, உக்காருங்க," என்றாள் ஆட்டம் முடிந்ததும். "அக்டோபர்ல நமூர்ல போட்டி இருக்கு. அஞ்சு பேர்தான் போக முடியும். என்கூட டிராம்ல வேலை பாக்கற ஒரு பையன் கேட்டுக்கிட்டே இருக்கான். நல்லா சுடறான்."

"என் இடத்துக்கா?"

"எனக்கு மட்டும் ஆசையாண்ணே? ஏப்ரல்லேர்ந்து நீங்க அடிச்சது என்னை, அப்புறம் உங்களை. இந்த மாசம் இன்னும் மூணு ஞாயிற்றுக்கிழமை இருக்கு. எதிரணியில ஒருத்தர், ஒரே ஒருத்தர் உங்க குண்டுக்குக் கை தூக்கட்டும். மத்தவங்களை நான் சமாளிச்சுக்கறேன்."

லீவன் துப்பாக்கியை உறையில் போட்டு மூடினார். "சரிம்மா" என்றார்.

வீட்டில் மார்லீன் விஷயத்தை முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, தயங்காமல் சொன்னாள்:

"ஏங்க, துப்பாக்கியை மாத்திக்கிட்டே இருக்கீங்களே, உங்க கண்ணை ஒரு தடவை பாத்தீங்களா?"

"என் கண்ணுக்கு என்ன?"

"அதைத்தான் பாப்போம், வாங்க."

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக லீவன் தன் பரிசோதனை நாற்காலியில் தானே உட்கார்ந்தார். மார்லீன் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டாள்.

"இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா?"

"இரு... முதல்ல போட்டதைக் காட்டு."

"காட்டினேன். எது?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"பதிலை ஒழுங்கா சொல்லுங்க. ஜனங்களை நீங்க இப்படித்தானே மிரட்டுவீங்க?"

அரை மணி நேரம் இழுபறி நடந்தது. கடைசியில் இடது கண்ணில் கொஞ்சம் சிலிண்டர் பவர் இருப்பது தெரிந்தது. தெருவில் நடக்க, புத்தகம் படிக்க அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் லீவன் பிடித்துக்கொண்டார். சிலிண்டர் இருந்தால் சிவப்புப் புள்ளி புள்ளியாகத் தெரியாது, வால் முளைத்துத் தெரியும். எந்த முனையில் குறி வைத்தோம் என்று யாருக்குத் தெரியும்! மறுநாளே தனக்கு ஒரு புதுக் கண்ணாடி செய்துகொண்டு, நேரே பாஸ்டியானிடம் ஓடினார்.

"ஓ, கண்ணுதானா! முதல்லயே சொல்லியிருந்தா குழாயை வித்திருக்கவே மாட்டேனே," என்று பாஸ்டியான் வருத்தப்பட்டார். "இந்த மாதிரிக் கண்ணுக்கு ஜன்னல் மாதிரி அகலமானதுதான் சரி. ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுக்கிட்டே பாக்கலாம். முன்னால ஒரு பிளாஸ்டிக் தகடு மாட்டிக்கங்க, குண்டு பட்டு உடையாது."

மூன்றாவது கண்ணாடி ஜன்னல் போலவே விசாலமாக இருந்தது. ஆனால் கால்வாய்க் கரை ஆலை, செப்டம்பர் ஈரம். லீவன் முகமூடிக்குள் மூச்சு விட்டதும் மூக்குக்கண்ணாடி மூடுபனி போட்டுக்கொண்டது. அந்த மூச்சு வெளியே போய், தகட்டிலும் பனி படர்ந்தது. இதற்கெல்லாம் லீவன் அசரவில்லை. அவர் கடையில் பனி படியாமல் தடுக்கும் மருந்து ஒன்று இருந்தது. அவரே எல்லாருக்கும் சிபாரிசு செய்வது. கையோடு கொண்டுவந்திருந்ததை முழுக்கத் தகட்டிலேயே தாராளமாகப் பூசினார். அது மூக்குக்கண்ணாடிக்கான மருந்து. பிளாஸ்டிக் தகட்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பத்தே நிமிஷத்தில் தகடு பால் மாதிரி வெளுத்துப்போனது.

தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்டது. லீவனுக்கு வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. தகட்டைப் பிய்த்து எறிந்தார். இப்போது மூக்குக்கண்ணாடி. ஒரே ஒரு துடைப்பு துடைத்தால் போதும். முகமூடியை விரல் நுழைகிற அளவுக்கு, வெறும் விரல் நுழைகிற அளவுக்குத்தான் தூக்கினார்.

உச்சியிலிருந்து விசில் கிழித்தது.

விசில் ஊதியவர் நடுவர் ஃபோன்ஸ். எழுபதைத் தாண்டியவர். சைக்கிள் பந்தயங்களில் முப்பது வருஷம் எல்லைக்கோட்டில் நின்று, எந்தச் சக்கரம் முதலில் தொட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது ஆலையின் மேல்தளத்து இரும்புப் பாலத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, ஐந்து தாழ்வாரங்களையும் மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

"முகமூடி. ஒரு வாரம்," என்றார் ஃபோன்ஸ்.

"ஐயா, ஒரு விரல்தான் தூக்கினேன்!"

"ஒரு விரலோ, ஒன்பது விரலோ."

அத்தோடு அந்த ஞாயிறும் போனது, அடுத்த ஞாயிறும் போனது. மிச்சம் ஒன்றே ஒன்று.

அந்த வாரம் முழுக்க லீவனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைக்கு வந்த ஒரு ஆசிரியருக்கு இரண்டு கண்ணுக்கும் லென்ஸை இடம் மாற்றிப் போட்டு அனுப்பிவிட்டு, அவர் டிராம் நிறுத்தம் வரை போவதற்குள் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போய்ப் பிடித்து வந்தார். வெள்ளிக்கிழமை மனம் கேட்காமல் பாஸ்டியானின் கடைக்குப் போனார்.

"இருக்கறதுலயே நல்லது எது? மறைக்காம சொல்லு."

பாஸ்டியான் பெருமூச்சு விட்டார். பூட்டிய அலமாரியைத் திறந்து, ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். உடனே கையால் மூடிக்கொண்டார்.

"இது உங்களுக்கு வேண்டாம்ணே."

"ஏன் வேண்டாம்?"

"ராணுவத்துக்காரங்க வாங்கறது. சிலிண்டர் பவர், பனி, ஈரம், எதுக்கும் அசராது. புள்ளி, சுத்தி ஒரு வட்டம். வட்டத்துக்குள்ள ஆள் இருந்தாப் போதும், கதை முடிஞ்சுது. ஆனா விலை கேட்டீங்கன்னா எனக்கே சொல்ல வாய் வராது. பெட்டியைப் பிரிச்சா திருப்பியும் வாங்க மாட்டோம். எதுக்கும் வீட்ல அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

வீட்டில் கேட்டுவிட்டு வா என்று சொன்ன பிறகு எந்த ஆம்பிளைதான் வீட்டில் கேட்பான்? லீவன் அங்கேயே பெட்டியைப் பிரித்தார்.

அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் கடற்கரைக்குப் போவதாக மார்லீனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அறையைக்கூடப் பார்த்து வைத்திருந்தாள். சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது கறுப்புப் பெட்டியைப் பற்றி மென்று முழுங்கிச் சொன்னார். மார்லீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப கடல்?"

"அடுத்த வருஷம் கண்டிப்பா, மார்லீன்."

"எதுக்கு அடுத்த வருஷம்? அந்தக் கண்ணாடியைக் குடுங்க, இங்கேர்ந்தே பாத்துக்கறேன். அத்தனை விலைக்குக் கடல்கூடவா தெரியாது?"

கோபம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் கிளம்பும்போது அவளே வாசல் வரை வந்து ரொட்டிப் பொட்டலத்தைக் கையில் திணித்தாள். "போய் ஜெயிச்சுட்டு வாங்க. இல்லேன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வீட்டையே ரெண்டாக்குவீங்க," என்றாள்.

கடைசி நாள், கடைசி ஆட்டம். கொதிகலன் அறைத் தாழ்வாரம். லீவன் தூணோரமாக ஒண்டி நின்றார். புதுக் கண்ணாடி நிஜமாகவே அபாரம். எழுத்துப் பலகை மாதிரி எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. இருந்தும் புள்ளி எரிகிறதா என்று மூன்று தடவை சரிபார்த்தார். இரண்டு வருஷம், நாலு பேர், ஒரு நாற்காலி. அத்தனையும் ஒரு விரலில் வந்து நின்றால் யார்தான் சரிபார்க்க மாட்டார்கள்?

பாஸ்டியான் மூலை திரும்பி வந்தார். ஆறு மீட்டர். வட்டம் அவரை முழுசாக விழுங்கியது. லீவன் விசையை அழுத்தினார். அழுத்துகிற அந்த நொடியில் கண்களை இறுக மூடிக்கொண்டார் என்பதை அவர் பின்னால் யாரிடமும் சொல்லவில்லை.

'டர்ர்ர்.'

பிறகு எதிரே ஒரு துப்பாக்கி தரையில் விழும் சத்தம்.

"பட்டுடுச்சு!" என்று பாஸ்டியான் அலறினார். "ஐயோ, பட்டுடுச்சுப்பா! நெஞ்சுலயே குடுத்துட்டாரு அண்ணன்!"

லீவன் கண்ணைத் திறந்தார். எதிரே பாஸ்டியான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். ஒரு கை போதும், மனுஷன் இரண்டு கையையும் தூக்கியிருந்தார். லீவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இந்தத் தடவை மூக்குக்கண்ணாடி பனி படர்ந்ததற்கு ஆலையின் ஈரம் காரணமில்லை.

ஃபோன்ஸின் நீள விசில் அந்த வருஷத்து ஆட்டப் பருவத்தை முடித்து வைத்தது. காப்பி மேசையைச் சுற்றி ஒரே கூச்சல். அனலீஸ் ஓடி வந்து லீவனைக் கட்டிக்கொண்டாள்.

"நமூர்ண்ணே! பையைக் கட்டுங்க!"

"நிஜமாவா?"

"பின்னே? எத்தனை மீட்டர்?"

"ஆறு," என்றார் லீவன். "எட்டுகூட இருக்கலாம்."

"அண்ணன்கிட்ட எப்பவுமே குறை இல்லைப்பா," என்று பாஸ்டியான் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். "நான்தான் ஏதேதோ சொல்லி இத்தனை நாள் அலைய வச்சுட்டேன். அவருக்கேத்த கண்ணாடி கிடைச்சதும் பாத்தீங்கல்ல? நான் வந்தது தெரிஞ்சுது, விழுந்தது தெரியலை."

லீவனின் துப்பாக்கி கைக்குக் கை மாறியது. ஒவ்வொருவராகத் தோளில் வைத்துப் பார்த்தார்கள்.

"வட்டம் சூப்பரா தெரியுது."

"பாஸ்டியான், இன்னும் இருக்கா இது?"

"ரெண்டுதான் இருக்கு. ஆனா அவசரப்படாதீங்கப்பா, வீட்ல கேட்டுட்டு வாங்க."

"எனக்கு ஒண்ணு எடுத்து வை," என்றாள் அனலீஸ்.

"இன்னொண்ணு எனக்கு!" என்றார் பின்னாலிருந்து வேறொருவர்.

லீவன் கூட்டத்திலிருந்து மெதுவாக விலகினார். வாசல் வண்டியில் ஒரு பெரிய பொட்டலம் பொரித்த உருளைக்கிழங்கு வாங்கி, மேலே மயோனைஸ் ஊற்றச் சொன்னார். இந்தச் சந்தோஷத்தைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி ஃபோன்ஸ்தான். அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டால் போதும், ஜென்மத்துக்கும் மறக்காது. இரும்புப் படிகளில், முழங்காலையும் பொருட்படுத்தாமல், மேலே ஏறினார்.

ஃபோன்ஸ் முக்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். பொட்டலத்தைப் பார்த்ததும் திரும்ப விரித்து உட்கார்ந்தார்.

"ஒரு விரல் தூக்கினதுக்குத் தடை போட்டீங்களே, ஐயா. அதுக்குக் கோபமே இல்லை, சாப்பிடுங்க," என்றார் லீவன். "இங்கேர்ந்து தாழ்வாரம் நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

"வாராவாரம் பாத்தீங்களா?"

"அதுக்குத்தானே உக்காந்திருக்கேன்."

"அப்ப இன்னிக்கு நான் சுட்டதைப் பாத்திருப்பீங்க. எப்படி இருந்துச்சு? உள்ளதைச் சொல்லுங்க ஐயா."

ஃபோன்ஸ் ஒரு துண்டை எடுத்து மயோனைஸில் தோய்த்து, நிதானமாக மென்று முழுங்கினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கீழே கூச்சலைப் பார்த்தார்.

"கடைசி விசில் ஊதியாச்சு," என்றார். "இனிமே சொன்னா தடை கிடையாது."

"சொல்லுங்க, சொல்லுங்க."

"ஏப்ரல்லேர்ந்து வாராவாரம் அவன் நெஞ்சுலயே பட்டுக்கிட்டிருந்துச்சு, தம்பி. இன்னிக்கு ஒரு நாள்தான் படவே இல்லை."